இன்பாக்ஸுக்கு வரச் சொல்லாதவர்கள்

வலைப்பதிவு எழுதிச் சம்பாதிக்க முடியுமா? முடியும். ஆனால், பலரும் எதிர்பார்த்துக் காத்திருக்கிற இடத்திலிருந்து அந்தப் பணம் வருவதில்லை.

2008-ன் கடைசியில் அமெரிக்காவில் வீட்டுக் கடன் சந்தை கவிழ்ந்தபோது, கூடவே கவிழ்ந்த தொழில்களில் நீச்சல்குளம் கட்டுவதும் ஒன்று. அங்கே பலர் வீட்டின் பேரில் கடன் வாங்கித்தான் கொல்லைப்புறத்தில் குளம் கட்டுவார்கள். வங்கிகள் கையை விரித்ததும் புதிய ஆர்டர்கள் நின்றன. முன்பணம் கொடுத்தவர்களே திருப்பிக் கேட்டு வந்தார்கள். விர்ஜீனியா மாநிலத்தில் 2001-ல் தொடங்கப்பட்ட ரிவர் பூல்ஸ் என்ற சிறிய நிறுவனமும் இழுத்து மூடும் நிலைக்கு வந்துவிட்டது.

அதன் பங்குதாரர்களில் ஒருவரான மார்க்கஸ் ஷெரிடனுக்கு வானொலியிலும் தொலைக்காட்சியிலும் விளம்பரம் செய்ய இனிக் காசில்லை. அவர் செய்தது மிக எளிய வேலை. குளம் கட்ட வருகிறவர்கள் இத்தனை ஆண்டுகளில் தன்னிடம் என்னென்ன கேட்டிருக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் போட்டார். ஒரு கேள்விக்கு ஒரு கட்டுரை என்று நிறுவனத்தின் இணையதளத்தில் இரவுகளில் உட்கார்ந்து பதில் எழுதத் தொடங்கினார்.

முதலில் எழுத வேண்டிய கேள்வி எது என்பதில் குழப்பமே இல்லை. ‘ஃபைபர் கிளாஸ் குளம் கட்ட எவ்வளவு ஆகும்?’ வாடிக்கையாளர் வாயைத் திறந்தவுடன் கேட்பது அதைத்தான். ஆனால் அந்தத் தொழிலில் இருந்த யாரும் தங்கள் இணையதளத்தில் விலை போடுவதில்லை. ‘ஒவ்வொரு குளமும் ஒவ்வொரு மாதிரி, பொதுவாக விலை சொல்ல முடியாது’ என்பது ஒரு சாக்கு. போட்டியாளருக்குத் தெரிந்துவிடும் என்பது இன்னொன்று. ஷெரிடன் எதனால் விலை ஏறுகிறது, எதனால் இறங்குகிறது, எந்த அளவுக்கு எவ்வளவு வரும் என்று விரித்து எழுதினார். கூகுளில் அந்தக் கேள்வியைத் தட்டியவர்களுக்கு முன்னால் அவருடைய பக்கம் வந்து நின்றது. பதில் சொல்ல வேறு ஆளே இல்லையே!

அதோடு விடவில்லை. தான் விற்கிற ஃபைபர் கிளாஸ் குளத்தில் என்னென்ன குறைகள் என்று எழுதினார். யாருக்கு அது சரிப்படாது என்று எழுதினார். ரிச்மண்ட் நகரத்தில் நன்றாகக் குளம் கட்டுபவர்கள் யார் என்று ஒரு பட்டியல் எழுதினார். அதில் போட்டி நிறுவனங்களின் பெயர்கள் இருந்தன. தன் நிறுவனத்தின் பெயரைச் சேர்க்கவில்லை. நம் கடைத்தெருவில் இதைச் சொன்னால் ‘பிழைக்கத் தெரியாத ஆள்’ என்பார்கள். பட்டியலைப் படித்தவர்கள் அனைவரும் அப்போது ரிவர் பூல்ஸின் இணையதளத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

அந்த ஒரே ஒரு விலைக் கட்டுரை பல மில்லியன் டாலர் வியாபாரத்தைக் கொண்டுவந்தது என்பது ஷெரிடன் வைத்திருக்கும் கணக்கு. யார் எந்தக் கட்டுரையைப் படித்துவிட்டுப் படிவம் நிரப்பினார்கள், அவர்களில் யார் குளம் கட்டினார்கள் என்று மென்பொருள் வைத்துத் தொடர்ந்ததால் அவரால் அப்படிச் சொல்ல முடிந்தது. ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டாலர் அளவில் இருந்த விளம்பரச் செலவு மிகச் சிறிய தொகையாகச் சுருங்கியது. பிறகு அந்த நிறுவனம் தானே ஃபைபர் கிளாஸ் குளங்களைத் தயாரிக்கவும் தொடங்கியது. ஷெரிடன் தன் அனுபவத்தைப் புத்தகமாக எழுதி, இன்று மேடைகளில் பேசிச் சம்பாதிக்கிறார்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம், வலைப்பதிவு அவருக்குப் பத்துப் பைசா தரவில்லை. பக்கத்தில் விளம்பரம் ஓடவில்லை, யாரும் சந்தா கட்டவில்லை. குளம் விற்றது, அவ்வளவுதான். வலைப்பதிவால் வளர்ந்த தொழில்களை வரிசையாக எடுத்துப் பார்த்தால் பெரும்பாலானவற்றின் கதை இதுதான்.

லண்டனின் சாவில் ரோ தெரு, ஆண்களுக்கான கோட்டு சூட்டுத் தையலுக்கு உலகப் பெயர் பெற்றது. அங்கே ஆண்டர்சன் அண்ட் ஷெப்பர்ட் கடையில் தொழில் கற்ற தாமஸ் மேஹன் என்ற தையல்காரர் 2005-ல் வலைப்பதிவு எழுத ஆரம்பித்தார். துணியை எப்படி வெட்டுவது, கையால் போடும் தையல் எங்கே தெரியும், ஒரு சூட்டுக்கு ஏன் ஆயிரக்கணக்கான பவுண்டு கேட்கிறோம் என்றெல்லாம் தொழில் ரகசியம் என்று கருதப்பட்டவற்றைப் போட்டு உடைத்தார். விளைவு, அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கமிருந்து அளவு கொடுக்க ஆள் வந்தது. ரகசியம் தெரிந்துவிட்டதால் யாரும் வீட்டில் உட்கார்ந்து சூட் தைக்க ஆரம்பிக்கவில்லை.

நம் நாட்டில் பெரிய உதாரணம் பெங்களூரின் ஜெரோதா. 2010-ல் தொடங்கிய பங்குத் தரகு நிறுவனம். விளம்பரத்துக்குச் செலவு செய்யாமலே நாட்டின் முன்னணித் தரகு நிறுவனங்களில் ஒன்றானது. நிறுவனர் நிதின் காமத் ஆரம்பத்திலிருந்தே வாடிக்கையாளர்களின் கேள்விகளுக்குப் பொதுவெளியில் தானே பதில் எழுதிவந்தவர். பிறகு ‘வர்சிட்டி’ என்ற பெயரில் பங்குச் சந்தைப் பாடங்களை இலவசமாகப் போட்டார்கள். கார்த்திக் ரங்கப்பா எளிய ஆங்கிலத்தில் எழுதிய அந்தப் பாடங்களைப் படிக்கக் கணக்குத் தொடங்க வேண்டியதில்லை, அலைபேசி எண் கொடுக்க வேண்டியதில்லை, நடுவில் விளம்பரமும் வராது. படித்து முடித்தவன் எங்கே டீமேட் கணக்குத் தொடங்குவான் என்று ஊகிக்கப் பெரிய மூளை தேவையில்லை. தொடங்கியவர்கள் எல்லோரும் சந்தையில் லாபம் பார்த்தார்களா என்றால், அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

செக்கு எண்ணெய் ஏன் இந்த விலை?

இப்போது நம் ஊருக்கு வருவோம். ஃபேஸ்புக்கில் புடவை விற்கும் எந்தப் பக்கத்தையும் திறந்து பாருங்கள். அழகான படம். கீழே நாற்பது பேர் ‘விலை?’ என்று கேட்டிருப்பார்கள். நாற்பது பேருக்கும் ஒரே பதில்: ‘விலைக்கு இன்பாக்ஸ் வரவும்.’ மரச்செக்கு எண்ணெய், நாட்டுச் சர்க்கரை, வீட்டு மனை, திருமண மண்டபம், பல் வைத்தியம் என்று இந்த நோய் தொற்றாத தொழிலே இல்லை. விலையைச் சொன்னால் ஆள் ஓடிவிடுவான் என்ற பயம். சொல்லாததால் ஓடியவர்களை யாரும் எண்ணுவதில்லை.

ஒரு மரச்செக்குக்காரரை எடுத்துக்கொள்வோம். கற்பனை ஆள்தான், ஆனால் உங்கள் ஊரிலும் ஒருவர் இருப்பார். அவரிடம் வருகிற பத்துப் பேரில் எட்டுப் பேர் கேட்பது, ‘கடையில பாக்கெட் எண்ணெய் பாதி விலைக்குக் கிடைக்குது, நீங்க என்ன இப்படிச் சொல்றீங்க?’ அவரும் நாள் முழுக்க நின்றுகொண்டு ஒரே விளக்கத்தைச் சொல்கிறார். ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்குச் செக்கில் ஏறக்குறைய இரண்டேகால் முதல் இரண்டரை கிலோ பருப்பு போகும். பருப்பு கிலோ 130 ரூபாய் என்று வைத்தாலே இரண்டரை கிலோவுக்கு 325 ரூபாய். அதற்குமேல் ஆள் கூலி, கரண்ட், பாட்டில். பிண்ணாக்கு விற்ற காசு கொஞ்சம் திரும்ப வரும். பெரிய ஆலையில் அழுத்திப் பிழிந்து, பிண்ணாக்கில் மிச்சமிருக்கும் எண்ணெயையும் கரைப்பான் ஊற்றி எடுத்துவிடுவார்கள். செக்கில் அது முடியாது. ஆகவே அவர்கள் விலைக்கு இவரால் விற்க முடியாது.

இந்த விளக்கம் அப்படியே ஒரு கட்டுரை. இன்றைய பருப்பு விலையைப் போட்டு மாதம் ஒருமுறை திருத்தினால் போதும். அடுத்த கட்டுரை, ‘என் எண்ணெய் ஏன் அடியில் மண்டி தட்டுகிறது?’ அதற்கடுத்தது, ‘பொரிக்கும்போது நுரைக்கிறதே, கலப்படமா?’ செக்கு எண்ணெய் யாருக்குத் தேவையில்லை என்றும் ஒன்று எழுதலாம். தினம் வடை போடுகிற டீக்கடைக்கு அது கட்டுப்படியாகாது என்று அவரே சொல்லிவிட்டால், மற்ற இடத்தில் அவர் சொல்வதை நம்புவதற்கு ஒரு காரணம் கிடைக்கிறது. உடன்குடிக் கருப்பட்டி விற்பவருக்குச் சர்க்கரைக் கலப்படம் பற்றிய கேள்வி, காஞ்சிபுரம் பட்டு விற்பவருக்கு ஜரிகையில் எவ்வளவு வெள்ளி இருக்கிறது என்ற கேள்வி. பனைக்காரரும் தறிக்காரரும் வாயால் சொல்லிச் சொல்லி ஓய்ந்த பதில்கள் எங்கேயும் எழுத்தில் இல்லை. அந்த இடத்தைத்தான் யாரோ ஒரு கன்டென்ட் கம்பெனி, தொட்டுப் பார்க்காத பொருளைப் பற்றிப் பத்துக் கட்டுரை எழுதி நிரப்பிக்கொண்டிருக்கிறது.

இதற்குப் பெரிய முதலீடு வேண்டாம். சொந்தப் பெயரில் ஓர் இணைய முகவரிக்கு ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய் சுற்றுவட்டாரத்தில் ஆகும். இலவசமாகவே வேண்டுமென்றால் 1999-ல் தொடங்கி 2003-ல் கூகுள் வாங்கிய பிளாக்கர் இன்னும் இருக்கிறது. எழுத வராது என்பவர்கள் வாட்ஸாப்பில் வாடிக்கையாளருக்கு அனுப்புகிற குரல் பதிவுகளை யாரையாவது விட்டு எழுதச் சொன்னாலே பாதி வேலை முடிந்தது. வேண்டியது பொறுமை. ஆறு மாதம் எழுதிய பிறகும் ஒருவரும் வரவில்லையே என்ற கட்டத்தில்தான் நம்மில் பெரும்பாலோர் நிறுத்திவிடுகிறோம்.

21 டாலர் 97 சென்ட்

விற்கப் பொருள் எதுவும் இல்லாத தனி மனிதர் என்ன செய்வது?

மின்னசோட்டாவில் பள்ளி ஆசிரியையாக இருந்த லிண்ட்சே ஆஸ்ட்ராம் 2010-ல் ‘பிஞ்ச் ஆஃப் யம்’ என்ற சமையல் வலைப்பதிவைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அவரும் கணவர் பியோர்க்கும் ஒரு சோதனை செய்தார்கள். இதில் எவ்வளவு வருகிறது என்று மாதாமாதம் கணக்கை வெளிப்படையாகப் போடுவது. 2011 ஆகஸ்டில் முதல் கணக்கு வந்தது: 21 டாலர் 97 சென்ட். ஒரு மாத உழைப்புக்கு ஒரு குடும்பம் ஒரு வேளை ஹோட்டலில் சாப்பிடுகிற காசு.

அவர்கள் நிறுத்தவில்லை. படங்களை நன்றாக எடுக்கக் கற்றார்கள், எந்த விளம்பர நிறுவனம் கூடுதலாகத் தருகிறது என்று மாற்றி மாற்றிப் பார்த்தார்கள், எது பலித்தது, எது சொதப்பியது என்று கணக்கோடு சேர்த்து எழுதினார்கள். 2016 முடியும்போது மாத வருமானம் 90,000 டாலரைத் தாண்டியிருந்தது. அதற்கு வெகு முன்பே லிண்ட்சே ஆசிரியர் வேலையை விட்டுவிட்டார்.

இந்த இரண்டு எண்களை மட்டும் எடுத்துப் போட்டுத்தான் ‘வீட்டிலிருந்தே லட்சங்கள்’ வகுப்பு நடத்துகிறவர்கள் பிழைக்கிறார்கள். இடையில் இருக்கும் ஐந்து ஆண்டுகளை அவர்கள் சொல்வதில்லை. இன்னொன்றையும் சொல்வதில்லை: அந்தக் கணக்குகளைப் படிக்க வந்தவர்களில் பலர் சமைக்க வந்தவர்கள் அல்ல, தாங்களும் சமையல் வலைப்பதிவு தொடங்க நினைத்தவர்கள். அவர்களுக்காகவே அந்தத் தம்பதி ‘ஃபுட் பிளாக்கர் ப்ரோ’ என்ற கட்டணப் பயிற்சித் தளத்தை ஆரம்பித்தார்கள். உணவுப் படம் எடுப்பது எப்படி என்ற மின்நூலையும் விற்றார்கள். விளம்பரக் காசு பெரிதுதான். அதை மட்டும் நம்பி அவர்கள் உட்கார்ந்திருக்கவில்லை.

தமிழுக்கு விளம்பரம் வந்த கதை

தமிழில் வலைப்பதிவு 2003-லேயே தொடங்கிவிட்டது. 2004-ல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம் திரட்டி, யார் புதிதாக எழுதினாலும் ஒரே இடத்தில் காட்டியது. பொறியாளர்கள், இல்லத்தரசிகள், வெளிநாட்டில் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்த இளைஞர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் என்று ஒரு கூட்டம் இரவு பகலாக எழுதித் தள்ளியது, சண்டையும் போட்டது. யாருக்கும் ஒரு ரூபாய் வரவில்லை. வரும் என்று எதிர்பார்த்து எழுதியவர்களும் குறைவு.

இத்தனைக்கும் கூகுளின் ஆட்சென்ஸ் விளம்பரத் திட்டம் 2003 ஜூனிலேயே வந்துவிட்டது. ஆனால் அதில் தமிழ் இல்லை. தமிழ்ப் பக்கத்தில் அதன் விளம்பரம் போட அனுமதி கிடையாது. ஆங்கிலத்தில் நாலு பதிவு எழுதி அனுமதி வாங்கி, அதைத் தமிழ்ப் பக்கத்தில் ஒட்டவைத்து, கண்டுபிடித்ததும் கணக்கை இழந்தவர்கள் உண்டு. இந்திய மொழிகளில் முதலில் இந்திக்கு 2014 டிசம்பரில் அனுமதி வந்தது. வங்காளத்துக்கு 2017-ல். தமிழுக்கு 2018 பிப்ரவரியில். ஏறக்குறைய பதினைந்து ஆண்டு காத்திருப்பு. அதற்குள் அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் ஃபேஸ்புக்குக்குப் போய்விட்டார்கள், மீதிப் பேர் யூடியூபுக்கு.

வந்த பிறகாவது கொட்டியதா? கணக்கைப் பாருங்கள். விளம்பரம் காட்டப்படும் ஆயிரம் பக்கப் பார்வைக்கு இவ்வளவு என்றுதான் வருமானத்தை அளப்பார்கள். அது வாசகர் எந்த நாட்டில் இருக்கிறார், எதைப் பற்றிப் படிக்கிறார் என்பதைப் பொறுத்தது. அமெரிக்காவிலிருந்து காப்பீடு பற்றிப் படிக்கிறவருக்காக விளம்பரதாரர்கள் போட்டி போட்டுக் கொடுப்பார்கள். மதுரையிலிருந்து ராசிபலன் படிக்கிறவருக்காக யாரும் அப்படிப் போட்டி போடுவதில்லை. தமிழ்ப் பக்கத்துக்கு ஆயிரம் பார்வைக்கு அரை டாலர் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 100 டாலர் சேர்ந்தால்தான் கூகுள் பணம் அனுப்பும். அதைத் தொட 2 லட்சம் பார்வை வேண்டும். கவிதை எழுதுகிறவர் அந்த எண்ணை எட்டுவதற்குள் இரண்டு தொகுப்பு போட்டுவிடுவார்.

விளைவு என்னவென்றால், விளம்பரக் காசுக்காகவே நடத்தப்படும் தமிழ்த் தளங்கள் ஒரு குறிப்பிட்ட வகை எழுத்துக்குள் சுருங்கின. நடிகையின் விவாகரத்து, நாளைய தங்கம் விலை, அரசு வேலை அறிவிப்பு, ‘இந்த ஒரு இலை போதும்’ ரக மருத்துவம். அவற்றை நடத்துகிறவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. பார்வைக்குக் கூலி என்றால் பார்வையைத்தான் உற்பத்தி செய்வார்கள்.

இந்தக் குறைந்த விளம்பர விலையைப் புத்திசாலித்தனமாகத் தாண்டியவர்கள் நம் சமையல்காரிகள். சென்னையிலும் கோவையிலும் சிங்கப்பூரிலும் இருந்துகொண்டு வத்தக்குழம்பையும் பருப்பு உசிலியையும் ஆங்கிலத்தில் எழுதினார்கள். எழுதுவது தமிழ்ச் சாப்பாடு, படிப்பது நியூஜெர்ஸியிலும் டொரண்டோவிலும் சிட்னியிலும் பாட்டியிடம் கேட்க முடியாமல் நிற்கிற அடுத்த தலைமுறை. விளம்பரம் டாலர் விலையில் விழுந்தது. தமிழில் எழுதவில்லையே என்று வருத்தப்படலாம். ஆனால், பெருங்காயம் எப்போது போடவேண்டும் என்ற சந்தேகம் எந்த மொழியில் வருகிறதோ அந்த மொழியில்தான் பதில் இருக்க முடியும்.

எழுதியது வேறொன்றாகும்போது

ஐ.ஐ.டி. ரூர்க்கியில் கணிப்பொறி படித்த அமித் அகர்வால், மென்பொருள் வேலையை விட்டுவிட்டு ஆக்ராவுக்குத் திரும்பி 2004-ல் வலைப்பதிவு எழுதத் தொடங்கியவர். இந்தியாவில் இதையே முழுநேரத் தொழிலாகச் செய்த முதல் ஆள் என்று அவரைச் சொல்வார்கள். கணிப்பொறியில், ஜிமெயிலில் சாதாரண ஆட்களுக்கு வரும் சிக்கல்களுக்குச் சுருக்கமான தீர்வுகள் எழுதினார். முதலில் ஆட்சென்ஸ்தான் சோறு போட்டது. ஆனால் ஒரே சிக்கலை ஆயிரம் பேர் திரும்பத் திரும்பக் கேட்கும்போது அதற்குக் கட்டுரையைவிடக் கருவி மேல் அல்லவா? ஜிமெயிலிலிருந்து ஒரே கடிதத்தைப் பல பேருக்குப் பெயர் மாற்றி அனுப்புவது போன்ற வேலைகளுக்குச் சின்னச் சின்ன மென்பொருள்கள் எழுதி விற்க ஆரம்பித்தார். எதை உருவாக்கவேண்டும் என்று அவர் சந்தை ஆய்வு செய்ய வேண்டியிருக்கவில்லை. பல ஆண்டுகளாக வாசகர்கள் கேட்டிருந்த கேள்விகளே அந்த ஆய்வு.

தமிழில் இதற்கு இணையான கதை இலக்கியத்தில் நடந்தது. ஜெயமோகன் மகாபாரதத்தை ‘வெண்முரசு’ என்ற பெயரில் 2014 ஜனவரி 1 அன்று தன் இணையதளத்தில் எழுதத் தொடங்கினார். ஏறக்குறைய தினம் ஓர் அத்தியாயம், 2020 ஜூலை வரை, 26 நாவல்கள். அனைத்தும் இலவசம், இப்போதும் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். இலவசமாகக் கிடைப்பதை யார் காசு கொடுத்து வாங்குவார்கள் என்று பதிப்புத் தொழிலில் இருந்தவர்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. ஆனால் தடித்தடியான அந்தப் புத்தகங்களுக்கு முன்பதிவு செய்து வாங்க ஆள் இருந்தது. அதற்கும் முன், 2011-ல் அதே தளத்தில் அவர் அடுத்தடுத்து எழுதிய ‘அறம்’ கதைகள் புத்தகமாகிப் பல பதிப்புகள் கண்டன. 2022-ல் ஆங்கிலத்திலும் வந்தன. அவருக்குச் சினிமா எழுத்தும் உண்டு, எல்லோரும் ஜெயமோகன் ஆக முடியாது என்பதெல்லாம் சரி. ஆனால் தளத்தில் தினமும் படித்துப் பழகிய வாசகர் கூட்டம் இல்லாமல் 26 நாவல்களை எந்தப் பதிப்பாளரும் துணிந்து அச்சிட்டிருக்க மாட்டார்.

2016 டிசம்பரில் அமேசான் கிண்டிலுக்குத் தமிழ் வந்தபோது பழைய வலைப்பதிவர்கள் பலருக்கு இன்னொரு வழி திறந்தது. பத்தாண்டாக எழுதிப் போட்டதைத் தொகுத்துப் பிழை திருத்தி மின்நூலாக்கினார்கள். பெரிய பணமில்லை. ஆனாலும் தமிழில் எழுதியதற்குப் பதிப்பாளரிடம் தொங்காமல் வங்கிக் கணக்கில் வந்த காசு.

வாசகரிடமே நேரடியாகக் கேட்பது வேறொரு வழி. நியூயார்க்கில் ஜேசன் காட்கி என்பவர் 2005-ல் வேலையை விட்டுவிட்டு, ‘என் வலைப்பதிவைப் படிக்கிறவர்கள் ஏதாவது கொடுங்கள்’ என்று கேட்டார். 1,450 பேர் சேர்ந்து 39,900 டாலர் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டும் கேட்க அவருக்கு மனம் வரவில்லை; பல ஆண்டுகள் கழித்து உறுப்பினர் சந்தா முறைக்கு மாறினார். தைவானில் இருந்துகொண்டு தொழில்நுட்பக் கம்பெனிகளின் வியாபார உத்திகளை அலசிய பென் தாம்ப்சன் 2014-ல் மாதம் 10 டாலர் என்று விலை வைத்தார். படிப்பவர்கள் அந்தக் கம்பெனிகளிலும் அவற்றில் முதலீடு செய்யும் நிறுவனங்களிலும் இருப்பவர்கள். அவர்களுக்கு 10 டாலர் ஒரு காசே இல்லை. ஓராளே எழுதி, ஓராளே நடத்தி, செழிப்பாக வாழ முடியும் என்பதற்கு இன்றுவரை அவரைத்தான் காட்டுகிறார்கள். நம் ஊரிலும் யுபிஐ வந்த பிறகு ஐம்பது ரூபாய் அனுப்புவது சுலபமாகிவிட்டது. எழுத்துக்குக் காசு கேட்பதில் நமக்கிருக்கும் கூச்சத்துக்குத்தான் இன்னும் செயலி வரவில்லை.

பரிசாக வந்த மிக்ஸி

அடுத்தவர் பொருளைச் சொல்லிக் கமிஷன் வாங்குவது இன்னொரு பெரிய வழி. அமேசான் இதை 1996-லேயே தொடங்கியது. இதை நாணயமாகச் செய்து பெரிதாகச் சம்பாதித்தவர் பிரையன் லாம். ஓயாமல் செய்தி துரத்தும் கருவிகள் தளம் ஒன்றின் ஆசிரியராக இருந்து சலித்துப்போய், ஹவாய்க்குப் போய்க் கடலில் அலைச்சறுக்கிக்கொண்டே 2011-ல் ‘ஒயர்கட்டர்’ என்ற தளத்தைத் தொடங்கினார். ஒவ்வொரு பொருளிலும் பல ரகங்களை வாங்கி, வாரக்கணக்கில் சோதித்து, ‘இதை வாங்கு’ என்று ஒன்றை மட்டும் சொல்வார்கள். வாசகர் அந்த இணைப்பு வழியாக வாங்கினால் கமிஷன். 2016-ல் நியூயார்க் டைம்ஸ் 3 கோடி டாலருக்கு மேல் கொடுத்து அதை வாங்கியது. ஆனால் கமிஷன் விகிதம் எழுதுகிறவர் கையில் இல்லை. 2020 ஏப்ரலில் அமேசான் அமெரிக்காவில் அறைகலன்களுக்கான கமிஷனை 8 சதவீதத்திலிருந்து 3 ஆகவும், மளிகைக்கு 5-லிருந்து 1 ஆகவும் வெட்டியது. அதை நம்பியே குடும்பம் நடத்தியவர்களுக்கு ஒரே இரவில் சம்பளம் பாதிக்கும் கீழே போனது.

இங்கே சட்டமும் உள்ளே வந்துவிட்டது. 2022 ஜூலை முதல், ஒரு கம்பெனி உங்களுக்கு ஓராண்டில் 20,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளையோ சுற்றுலாவையோ இலவசமாகத் தந்தால் 10 சதவீத வரிப் பிடித்தம் உண்டு. மிக்ஸியைப் பயன்படுத்திப் பார்த்து எழுதிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டால் இல்லை. 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் துறை வெளியிட்ட விதிகளின்படி, காசோ பொருளோ வாங்கிக்கொண்டு எழுதினால் அதைத் தெளிவாகச் சொல்லவேண்டும். பதிவு எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில் சொல்லவேண்டும். தமிழில் புகழ்ந்து எழுதிவிட்டு அடியில் பொடி ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை போடுவது எடுபடாது. மக்களை ஏமாற்றும் விளம்பரம் என்று முடிவானால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம், மறுபடியும் செய்தால் 50 லட்சம் வரை.

கூகுள் முகத்தைத் திருப்பினால்

இதுவரை சொன்ன கதைகளில் பலவற்றுக்குப் பின்னால் இருந்தது கூகுளின் தேடல். அது இப்போது மாறிக்கொண்டிருக்கிறது. 2023 செப்டம்பரில் கூகுள் தன் வரிசைப்படுத்தும் முறையில் கொண்டுவந்த மாற்றத்துக்குப் பிறகு சிறிய தனித் தளங்கள் பல, வந்துகொண்டிருந்த கூட்டத்தின் பெரும்பகுதியை இழந்தன. காற்றுச் சுத்திகரிப்பான்களைத் தங்கள் கையால் சோதித்து எழுதிவந்த ‘ஹவுஸ்ஃப்ரெஷ்’ என்ற சிறு தளம், பொருளைத் தொட்டே பார்க்காத பெரிய பத்திரிகைகளின் பட்டியல்கள் தங்களுக்கு மேலே காட்டப்படுவதை 2024 பிப்ரவரியில் ஆதாரங்களோடு எழுதியது. அந்தக் கட்டுரையைத் தொழிலில் இருப்பவர்கள் பலரும் படித்தார்கள். அதனால் போன வாசகர் உடனே திரும்பிவிடவில்லை.

அதே ஆண்டு மே மாதம் அமெரிக்காவில், ஆகஸ்டில் இந்தியாவில், தேடல் பக்கத்தின் உச்சியிலேயே செயற்கை நுண்ணறிவு பதிலைச் சுருக்கித் தர ஆரம்பித்தது. ‘இட்லி மாவு புளிக்க எத்தனை மணி நேரம்?’ என்று கேட்டால் பதில் அங்கேயே கிடைக்கிறது. பதிலை முதலில் எழுதியவரின் வீட்டுக்கு யாரும் போகவேண்டியதில்லை.

இதில் அடி எல்லோருக்கும் ஒரே மாதிரி விழவில்லை. பார்வையை விற்றவர்களுக்குச் சரக்கே போய்விட்டது. செக்குக்காரரின் விளக்கத்தை இயந்திரம் சுருக்கிச் சொன்னால் அவருக்கு விளம்பரக் காசு நஷ்டமில்லை, ஏனென்றால் அது முதலிலேயே இல்லை. எண்ணெய் வாங்க அவரிடம்தான் வரவேண்டும். சந்தாதாரர்களை வைத்திருப்பவர்களையும் புத்தகம் விற்பவர்களையும் பெரிதாகத் தொடவில்லை, அவர்களுடைய வாசகர்கள் தேடிக்கொண்டு வருகிறவர்கள் அல்ல. யாருக்குப் பேராபத்து என்றால், பத்து இணையதளங்களைப் படித்துப் பதினோராவதாக ஒன்று எழுதியவர்களுக்கு. அந்த வேலையை இயந்திரம் இன்னும் வேகமாகச் செய்கிறது, சம்பளமும் கேட்பதில்லை.

அதனால் இன்று புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அனுபவசாலிகள் முதலில் சொல்வது, வாசகரின் முகவரியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான். மின்னஞ்சல் பட்டியலோ, விருப்பத்தோடு சேர்ந்தவர்களின் வாட்ஸாப் குழுவோ, ஏதோ ஒன்று. கூகுள் இன்று அனுப்புகிற ஆளை நாளை அனுப்பாமல் போகலாம். ஃபேஸ்புக்கில் லட்சம் பேர் பின்தொடர்ந்தாலும் உங்கள் பதிவை அவர்களில் எத்தனை பேருக்குக் காட்டுவது என்று தீர்மானிப்பது நீங்கள் அல்ல. முந்நூறு மின்னஞ்சல் முகவரி கையில் இருந்தால் முந்நூறு பேரின் பெட்டிக்கும் கடிதம் போகிறது. மாதத்துக்கு ஒன்று எழுதினால் போதும். பருப்பு விலை ஏறியிருந்தால் அதையும், புதுச் சரக்கு ஆட்டியிருந்தால் அதையும், லிட்டர் என்ன விலை என்பதையும்.